பெயின்ட் அடிச்சும் போகாத பூசணம்! ஆத்தூர் வீடுகளை வாட்டும் ஓதம்: செலவு யார் தலையில்?

ஆத்தூர்:

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து மார்கழி பனி ஆரம்பித்து விட்டால் போதும். ஆத்தூர் பகுதியில் பல வீடுகளில் ஒரே காட்சி தான். பீரோவை நகர்த்தினால் பின்னால் கருப்பு கருப்பாக புள்ளி. கட்டிலுக்கு அடியில் பச்சை படலம். பள்ளிக்கூட பை தொங்கும் மூலையில் ஒரு மக்கின வாடை. "போன வருஷம் தானே பெயின்ட் அடிச்சோம்" என்ற புலம்பல் வீட்டுக்கு வீடு கேட்கும்.

பொங்கல் நெருங்க நெருங்க ஹார்டுவேர் கடைகளில் பெயின்ட், பட்டி வாங்க கூட்டம் சேரும். கருப்பு தெரியாமல் ஒரு கோட்டிங் அடித்து பண்டிகையை கொண்டாடி விடுவார்கள். அடுத்த மழைக்கு அதே இடத்தில் அதே பூசணம் மறுபடியும் எட்டிப் பார்க்கும். வாரக் கூலியில் மிச்சம் பிடித்த காசு சுவரிலேயே கரைந்து போகும்.

வருஷா வருஷம் இப்படி நடப்பது ஏன்? துடைத்தால் போகுமா? வாடகை வீடு என்றால் யார் சரி செய்ய வேண்டும்? இதோ ஓர் அலசல்.

சேகோ ஆலை சொல்லும் பாடம்

ஆத்தூர் வட்டாரத்தில் மரவள்ளியும் சேகோ ஆலையும் தெரியாதவர்கள் கிடையாது. அரைத்து எடுத்த மாவை களத்தில் பரப்பி வெயிலில் காய வைப்பார்கள். திடீர் மழை வந்து மாவு நனைந்து விட்டால் என்ன ஆகும் என்று அங்கே வேலை பார்க்கும் தொழிலாளிக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். ஈரம் நின்றால் பூசணம். காய்ந்தால் பிழைத்தது. அவ்வளவு தான்.

வீட்டு சுவரிலும் இதே கதை தான். பூசண வித்துக்கள் கண்ணுக்கு தெரியாத தூசி போல எல்லா வீட்டு காற்றிலும் எப்போதும் இருக்கின்றன. அதை யாராலும் ஒழிக்க முடியாது. ஈரம் கிடைத்தால் முளைக்கும், கிடைக்காவிட்டால் சும்மா கிடக்கும். நனைந்த பொருள் 24 மணி முதல் 48 மணி நேரத்துக்குள் காயாவிட்டால் பூசணம் பிடிக்க ஆரம்பித்து விடும் என்பது நிபுணர்கள் சொல்லும் கணக்கு.

வெறும் சிமென்ட்டை பூசணம் தின்பதில்லை. சுவரில் படிந்த தூசி, சமையல் எண்ணெய் பிசுக்கு, ஒட்டின காலண்டர், மைதா பசை, பெயின்ட்டில் உள்ள சில பொருட்கள், இவை தான் அதற்கு சாப்பாடு. அதனால் தான் அடுப்படியிலும் பீரோவுக்கு பின்னாலும் முதலில் பிடிக்கிறது.

ஆக, எதிரி பூசணம் இல்லை. ஈரம். ஆளை விட்டு விட்டு நிழலை அடித்த கதையாக, ஈரத்தை விட்டு விட்டு பூசணத்தை மட்டும் துடைத்துக் கொண்டிருப்பதில் தான் காசு வீணாகிறது.

பூசணமா? உப்பா?

சுவரில் வெள்ளையாக எது பூத்தாலும் பூசணம் என்று நினைத்து விடுகிறார்கள். அது தவறு.

செங்கல், மணல், தண்ணீரில் உள்ள உப்பு, ஈரத்தோடு வெளியே வந்து காய்ந்து வெள்ளை பொடியாக நிற்கும். உப்பு பூக்குது என்று கொத்தனார்கள் சொல்வது இதைத் தான். விரலில் எடுத்து ஒரு சொட்டு தண்ணீர் விட்டால் கரைந்து போகும். பூசணம் கரையாது, இழுவிக் கொண்டு கறை பிடிக்கும். மக்கின வாடையும் அடிக்கும்.

உப்பு பூத்தால் உடம்புக்கு பெரிய கெடுதல் இல்லை. ஆனால் காரை உதிரும். இரண்டுக்கும் தாய் ஒன்று தான், அது ஓதம். இன்று உப்பு பூக்கிற சுவர் நாளைக்கு பூசணம் பிடிக்கிற சுவர்.

தண்ணி எந்த பக்கம் இருந்து வருது?

ஓதம் வீட்டுக்குள் வர நாலு வழி தான். கறை எங்கே இருக்கிறது என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்து விடும்.

மேலே இருந்து: கூரை தளத்தின் அடியிலும் சுவரின் மேல் மூலையிலும் கறை இருந்தால் மொட்டை மாடியை பார்க்க வேண்டும். தட்டு ஓடு விரிசல், ஓடுகளுக்கு நடுவில் பூச்சு போனது, இலை அடைத்த மழைநீர் குழாய், கைப்பிடி சுவர் ஓரத்தில் நின்ற தண்ணீர், இதெல்லாம் காரணம். பழைய காலத்தில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு நாள் கணக்கில் தட்டி, அதன் மேல் ஓடு பதித்தார்கள். செலவை குறைக்க அதை விட்டு விட்டு வெறும் கான்கிரீட்டோடு நிறுத்திய வீடுகளில் மழை நேராக உள்ளே இறங்குகிறது.

கீழே இருந்து: தரையில் இருந்து முழங்கால் உயரம், இடுப்பு உயரம் வரை மட்டும் சுவர் ஊறி இருந்தால் மண் ஈரம் மேலே ஏறுகிறது என்று அர்த்தம். விளக்கு திரி எண்ணெயை உறிஞ்சுவது போல செங்கல் தண்ணீரை உறிஞ்சும். இதை தடுக்க பேஸ்மட்டத்துக்கு மேல் தண்ணீர் ஏறாத பூச்சு ஒன்று போட வேண்டும். பல பழைய வீடுகளில் அது கிடையாது. இன்னொரு கொடுமை, தெருவில் ரோட்டுக்கு மேல் ரோடு போட்டு உயர்த்தி விட்டால், உயரமாக இருந்த வீடு பள்ளத்தில் போய் விடும். தெரு தண்ணீர் அத்தனையும் சுவர் அடியில் தான் நிற்கும்.

பக்கத்தில் இருந்து: பாத்ரூம் சுவருக்கு மறுபக்கம் மட்டும் கறை இருந்தால் குழாய் கசிவு அல்லது டைல்ஸ் இடுக்கு. வெயில் காலத்திலும் காயாமல் ஒரே இடத்தில் ஈரம் இருந்தால் சந்தேகமே வேண்டாம், குழாய் தான்.

உள்ளே இருந்து: இது தான் பலருக்கும் தெரியாத வழி. சோறு பொங்கும் ஆவி, கேஸ் அடுப்பு எரிவதில் வரும் நீராவி, மழை நாளில் வீட்டுக்குள் கொடி கட்டி காய வைக்கும் துணி, ஆறு பேர் படுத்து விடும் மூச்சு, எல்லாம் ஈரம் தான். கொசுவுக்கு பயந்து சாயந்திரமே ஜன்னலை சாத்தி விட்டால் அந்த ஈரம் குளிர்ந்த சுவரில் போய் வேர்க்கிறது. ஒற்றை அறை வீட்டில் சமையல், குளியல், தூக்கம் எல்லாம் நடக்கும் போது இது இரட்டிப்பு.

சுவரா, காற்றா என்று கண்டுபிடிக்க செலவில்லாத ஒரு சோதனை உண்டு. ஈர சுவரில் ஒரு சாண் அளவுக்கு கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளை வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டி விடுங்கள். இரண்டு நாள் கழித்து பாருங்கள். தாளின் உள்பக்கம் முத்து முத்தாக தண்ணீர் நின்றால் ஈரம் சுவருக்குள் இருந்து வருகிறது. வெளிப்பக்கம் வேர்த்திருந்தால் வீட்டு காற்றில் உள்ள ஈரம். முதலாவதுக்கு கொத்தனார் வேண்டும். இரண்டாவதுக்கு ஜன்னலை திறந்தாலே பாதி போகும்.

துடைப்பது எப்படி?

ஈரம் வரும் வழியை அடைத்த பிறகு தான் துடைக்க வேண்டும். மூன்றடிக்கு மூன்றடி அளவுக்குள் இருந்தால் வீட்டில் உள்ளவர்களே செய்யலாம் என்பது அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை தரும் பொதுவான அளவு. அதற்கு மேல் அறை முழுக்க பரவி இருந்தால் காரையை கொத்தி எடுக்கும் வேலை வரலாம், கொத்தனாரை கூப்பிடுவது நல்லது.

முதலில் குழந்தைகள், கர்ப்பிணிகள், வீசிங் உள்ளவர்களை அந்த அறையை விட்டு அனுப்பி விட வேண்டும். மூக்கு, வாயை மாஸ்க் போட்டு மூட வேண்டும். கைக்கு கையுறை வேண்டும். ஜன்னலை திறக்க வேண்டும். ஆனால் சுரண்டும் போது மின்விசிறியை போடக்கூடாது, வித்து வீடு பூரா பறக்கும். காய்ந்த பூசணத்தை விளக்குமாறால் தட்டுவதும் அதே தப்பு தான்.

சோப்பு தூள் கலந்த தண்ணீரை தெளித்து நனைத்து, பிரஷ்ஷால் தேய்த்து, துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். தண்ணீரை வாளி வாளியாக ஊற்றக்கூடாது. துடைத்த துணியை மற்ற துணியோடு போடாமல் கழித்து விட வேண்டும். பிறகு மின்விசிறி போட்டு சுவர் நன்றாக காயும் வரை விட வேண்டும். பூசணம் பிடித்த அட்டைப்பெட்டி, பாய், தலையணை ஆகியவற்றை பாவம் பார்க்காமல் தூக்கிப் போடுவது தான் புத்திசாலித்தனம்.

பிளீச்சிங் தேவையா என்றால், சோப்பு தண்ணீரே பெரும்பாலும் போதும். டைல்ஸ் போன்ற வழுவழுப்பான இடத்தில் திரவ பிளீச் போட்டால் வேலை செய்யும். அதுவும் 4 லிட்டர் தண்ணீருக்கு ஒரு கப்புக்கு மேல் போகக்கூடாது. காரை சுவரில் மேலே உள்ள நிறம் வெளுக்கும், உள்ளே இறங்கின வேர் தப்பித்து விடும்.

உயிரோடு விளையாடும் கலவை

இங்கே தான் உஷாராக இருக்க வேண்டும். சீக்கிரம் போகட்டும் என்று பிளீச்சிங் பவுடரோடு பாத்ரூம் ஆசிட்டை கலந்து ஊற்றும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. இது படுபயங்கரம். பிளீச்சிங்கும் ஆசிட்டும் சேர்ந்தால் குளோரின் விஷவாயு கிளம்பும். காற்றோட்டம் இல்லாத சின்ன அறையில் மூச்சு திணறி உயிருக்கே ஆபத்து வரலாம். வினிகரோடு சேர்த்தாலும் இதே நிலை தான். அம்மோனியா கலந்த கிளீனரோடு சேர்த்தால் வேறொரு விஷ வாயு வரும். பூசணம் யாரையும் ஒரே நாளில் கொல்லாது. இந்த கலவை கொன்று விடும்.

பாட்டன் அடித்த வெள்ளை

பொங்கலுக்கு வெள்ளை அடிப்பது வெறும் சடங்கு இல்லை. சுண்ணாம்புக்கு கடுமையான காரத்தன்மை உண்டு. அந்த காரத்தில் பூசணம் முளைக்காது. பாக்கு, தென்னை, திராட்சை தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு போர்டோ கலவை தெரிந்திருக்கும். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து பூசண நோய்க்கு அடிப்பார்கள். மருந்தில் பாதி சுண்ணாம்பு தான். (அதற்காக மயில்துத்தத்தை வீட்டு சுவரில் அடிக்க வேண்டாம், அது விஷம்.)

காற்று பட பட சுண்ணாம்பின் காரம் குறையும். அதனால் தான் வருஷம் ஒரு முறை, அதுவும் மழை முடிந்த கையோடு அடித்தார்கள். சுண்ணாம்பு சுவர் மூச்சு விடும் என்று பழைய கொத்தனார்கள் சொல்வதும் உண்மை தான். உள்ளே போன ஈரம் அதன் வழியாகவே வெளியேறி விடும்.

பழைய சுண்ணாம்புக் காரை வீட்டுக்கு சிமென்ட் பூச்சும், அதன் மேல் பட்டியும் எமல்ஷனும் அடித்தால் அந்த மூச்சு அடைபடுகிறது. வெளியே வர வழியில்லாத ஈரம் பெயின்ட்டை கொப்புளமாக தூக்கி உரிக்கிறது. ஈர சுவரில் எவ்வளவு விலை உயர்ந்த பெயின்ட் அடித்தாலும் இதே கதி தான்.

ஏற்கனவே எமல்ஷன் அடித்த சுவரில் அப்படியே சுண்ணாம்பு அடித்தால் ஒட்டாது. பழைய பெயின்ட்டை சுரண்டி எடுத்து தான் அடிக்க வேண்டும். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வையே பாதிக்கும், கண்ணாடி போட்டுக் கொள்வது நல்லது. புதிதாக சிமென்ட் பூசிய சுவர் என்றால் குறைந்தது 4 வாரமாவது காய விட வேண்டும்.

கருப்பு பூஞ்சை நோய் வருமா?

2021-ம் ஆண்டு கொரோனா இரண்டாவது அலையில் கருப்பு பூஞ்சை என்ற பெயரை கேட்டாலே ஜனங்கள் நடுங்கினார்கள். அந்த ஆண்டு மே மாதம் தமிழக அரசு அதை அறிவிக்கை செய்ய வேண்டிய நோயாக அறிவித்தது. சுவரில் கருப்பை பார்த்து இது அது தானோ என்று பயப்படுபவர்கள் இன்றும் உண்டு.

இரண்டுக்கும் பெயர் ஒற்றுமை தான். மியூகோர்மைகோசிஸ் என்ற அந்த நோய் கட்டுக்கு அடங்காத சர்க்கரை, ஸ்டீராய்டு மருந்து ஆகியவற்றால் எதிர்ப்பு சக்தி இழந்தவர்களை தாக்கியது. சதை அழுகி கருப்பதால் அந்த பெயர் வந்தது. சுவரில் கருப்பாக படிவது பெரும்பாலும் வேறு வகை.

அதற்காக அலட்சியமும் கூடாது. ஈரமும் பூசணமும் உள்ள வீடுகளில் இருமல், வீசிங், ஆஸ்துமா, மூச்சுக்குழாய் தொற்று அதிகம் என்று உலக சுகாதார அமைப்பு 2009-ல் வெளியிட்ட வழிகாட்டியில் கூறியிருக்கிறது. குழந்தைக்கு வீசிங் என்று ஆஸ்பத்திரிக்கு தூக்கிப் போய் ஆவி பிடித்து, மருந்து வாங்கி, மறுபடியும் அதே ஈர சுவர் ஓரத்தில் படுக்க வைத்தால் என்ன பலன்? வெளியூர் போனால் குறைகிற இருமல் வீட்டுக்கு வந்ததும் கூடினால் சுவரை சந்தேகப்பட வேண்டும். டாக்டரிடம் போகும் போது வீட்டில் ஓதம் இருப்பதையும் மறக்காமல் சொல்ல வேண்டும்.

இரண்டு வயது குழந்தையின் சாவு கொண்டு வந்த சட்டம்

சுவர் பூசணம் உயிரை வாங்குமா என்று கேட்பவர்களுக்கு இங்கிலாந்தில் நடந்த சம்பவம் ஒரு எச்சரிக்கை.

மான்செஸ்டர் பக்கம் ரோச்டேல் என்ற ஊர். அங்கே சமூக வீட்டுவசதி நிறுவனம் ஒன்றுக்கு சொந்தமான ஒற்றை படுக்கையறை வீட்டில் ஒரு குடும்பம் வாடகைக்கு இருந்தது. சமையலறை, பாத்ரூம் சுவர்களில் பூசணம். 2017-லேயே அப்பா புகார் சொன்னார். "மேலே பெயின்ட் அடிச்சுக்கோங்க" என்ற மாதிரி தான் பதில் வந்தது. அவரும் அடித்துப் பார்த்தார். பூசணம் திரும்ப திரும்ப வந்தது. 2020 டிசம்பரில் அவரது 2 வயது மகன் அவாப் இஷாக் மூச்சுக்கோளாறால் இறந்து போனான். நீண்ட நாள் பூசணத்தில் இருந்ததால் வந்த மூச்சுக்கோளாறே காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பு சொன்னார்.

நாடே கொந்தளித்தது. 2023-ல் சட்டம் நிறைவேறியது. "அவாப் சட்டம்" என்றே அதற்கு பெயர். 2025 அக்டோபர் 27 முதல் அங்கே சமூக வீட்டுவசதி வீடுகளில் அது அமலில் உள்ளது. ஆபத்தான ஓதம், பூசணம் என்று புகார் வந்தால் 10 வேலை நாளுக்குள் ஆய்வு செய்ய வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றால் 24 மணி நேரத்தில் நடவடிக்கை எடுக்க வேண்டும்.

ஒரு குழந்தை செத்த பிறகு தான் அங்கே கூட புரிந்தது, பெயின்ட் அடிப்பது தீர்வு இல்லை என்று.

நம்ம ஊரில் யார் பொறுப்பு?

இங்கே நாள் குறித்து சரி செய்ய சொல்லும் அப்படி ஒரு சட்டம் இல்லை. ஆனால் ஒன்றுமே இல்லை என்று சொல்லவும் முடியாது.

தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குமுறை சட்டம் 2017-ல் கொண்டு வரப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. யார் எந்த வேலையை செய்ய வேண்டும் என்று அதில் பட்டியலே இருக்கிறது. கட்டிடத்தின் அடிப்படை பழுது, சுவருக்கு வெள்ளை அடிப்பது, தேவையான போது குழாய் மாற்றுவது ஆகியவை வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர், சாக்கடை அடைப்பு எடுப்பது, சுவிட்ச் போன்ற சில்லறை வேலைகள் குடியிருப்பவர் பொறுப்பு. குடியிருப்பவர் உடைத்து கெடுத்தது என்றால் அது அவர் செலவு தான்.

வீட்டுக்காரர் செய்ய மறுத்தால், குடியிருப்பவர் செய்து விட்டு அந்த செலவை வாடகையில் கழித்துக் கொள்ளவும் சட்டம் இடம் தருகிறது. தகராறு என்றால் வாடகை அதிகாரியிடம் போகலாம்.

ஆனால் ஏட்டு சுரைக்காய் கறிக்கு உதவுமா? சட்டப்படி வாடகை ஒப்பந்தத்தை எழுதி பதிவு செய்ய வேண்டும். நடைமுறையிலோ, பெரும்பாலும் வாய் பேச்சு தான். அட்வான்ஸ் கொடுத்து சாவி வாங்கினால் முடிந்தது. காகிதம் இல்லாதவர் எதை வைத்து கேட்பது? கேட்டால் "பிடிக்கலைன்னா காலி பண்ணுங்க" என்று சொல்லி விடுவார்களோ என்ற பயம். பள்ளிக்கூடம், வேலை எல்லாம் பக்கத்தில் இருப்பதால் வாயை மூடிக் கொண்டு சொந்த காசில் பெயின்ட் அடிக்கிறார்கள்.

வீட்டுக்காரர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. வாடகையை நம்பி பிழைக்கும் ஓய்வு பெற்றவர்களும் விதவை அம்மாக்களும் உண்டு. மாடி முழுக்க பெயர்த்து ஓடு பதிக்க அவர்களால் ஒரேயடியாக பணம் புரட்ட முடியாது. ஆனால் இரண்டு தரப்பும் யோசிக்க வேண்டியது ஒன்று. வருஷா வருஷம் பெயின்ட்டுக்கு கொட்டும் காசை சேர்த்து ஒரே தடவை மாடியையும் குழாயையும் சரி செய்தால் இரண்டு பேருக்கும் லாபம். ஈரத்தை வளர விட்டால் கம்பி துருப்பிடித்து கான்கிரீட்டே பெயர்ந்து விழும். அப்போது நஷ்டம் முழுக்க வீட்டுக்காரருக்கு தான்.

தொகுப்பு வீடுகள் நிலை

கிராமங்களில் இருக்கும் பழைய தொகுப்பு வீடுகளில் வசிப்பவர்கள் பாடு தனி. வீட்டுக்காரரும் அவர்களே, கூலியும் அவர்களே. இப்படி அரசு திட்டங்களில் 2001-க்கு முன் கட்டிய 2½ லட்சம் ஊரக வீடுகளை பழுது பார்க்க 2024-ல் தமிழக அரசு திட்டம் அறிவித்தது. அதே ஆண்டு தொடங்கிய கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு ரூ.3½ லட்சம் என்று ஒதுக்கினார்கள். கட்டும் போதே பேஸ்மட்டத்தில் ஓதம் தடுக்கும் பூச்சும், மாடியில் தண்ணீர் வழிந்தோட வாட்டமும், அறைக்கு அறை வெண்டிலேட்டரும் வைத்து விட்டால் பிறகு பல வருஷ செலவு மிச்சம்.

பங்குனி வெயிலில் செய்ய வேண்டிய வேலை

2024 நவம்பர் 30-ந்தேதி புதுச்சேரி அருகே கரை கடந்த பெஞ்சல் புயலை யாரும் மறந்திருக்க முடியாது. கடலுக்கு வெகு தூரத்தில் உள்ள சேலம் மாவட்டத்தையும் புரட்டிப் போட்டது. கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை கொட்டியது. நாள் கணக்கில் பெய்கிற தூறலை தாங்கிய பழைய மாடிகளுக்கு இப்படி ஒரே நாளில் கொட்டும் மழையை தாங்கும் சக்தி இல்லை.

மழை நேரத்தில் மாடியில் எந்த வேலையும் ஒட்டாது. பங்குனி, சித்திரை வெயிலில் சுவரும் தளமும் எலும்பு வரை காய்ந்திருக்கும் போது தான் விரிசல் அடைக்க வேண்டும், ஓடு மாற்ற வேண்டும், குழாய் பார்க்க வேண்டும். ஆனால் அப்போது கறை காய்ந்து மறைந்து விடுவதால் எல்லோருக்கும் மறந்து போகிறது. அதனால் மழையிலேயே கறை இருக்கும் இடத்தை செல்போனில் படம் பிடித்து வைத்துக் கொள்வது நல்லது. கொத்தனாரிடம் காட்டவும் ஆகும், வீட்டுக்காரரிடம் கேட்கவும் ஆகும், தேவைப்பட்டால் அதிகாரியிடம் கொடுக்கவும் ஆகும்.

அது வரை காசில்லாமல் செய்யக் கூடியவை சில உண்டு. பீரோ, கட்டிலை சுவரில் இருந்து நாலு விரற்கடை தள்ளி போடுங்கள். சமைக்கும் போது ஜன்னலை திறங்கள், கொசுவுக்கு வலை அடியுங்கள். ஈரத் துணியை படுக்கிற அறையில் போடாதீர்கள். மாடியில் மழைநீர் குழாய் வாயில் அடைத்த இலையை எடுங்கள். சுவர் ஓரம் குவிந்த மண்ணை வெட்டி அப்புறப்படுத்துங்கள்.

அடுத்த பொங்கலுக்கு பெயின்ட் டப்பாவை தூக்குவதற்கு முன் ஒரு தடவை மாடி ஏறிப் பார்த்து விட்டு வருவது நல்லது. ஓட்டை மேலே இருக்க, பூச்சு கீழே அடித்து என்ன பிரயோஜனம்?